செவிட்டுக் கேமராவோடு குருணும் பண்டார் பாருவும்

தைப்பூசம் முடிந்த அடுத்த வெள்ளியும் சனியும் நாங்கள் மூன்று பேர் காடி என்று நாங்கள் சொல்லும் ஒரு பழைய காரில் குருணுக்கும் பண்டார் பாருவுக்கும் போய் வந்தோம். மொத்தம் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓட்டம், நாற்பத்தைந்து மலேசிய வெள்ளிக்குப் பெட்ரோல். பழைய சாலையிலேயே போனதால் டோல் கிடையாது. போன காரணம் ஒன்றுதான். மணியம் அண்ணனின் தொண்டையில் கட்டி. குரல் பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுப்பதற்கு முன்னால் அவருடைய குரலைப் பிடித்து வைக்க வேண்டும் என்று கிளம்பினோம். பிடித்து வைக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதோ நல்லது நடக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் படிக்க வேண்டாம்.

பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள்: "அக்கா, பெர்மிட் இல்லாம தோட்டத்துல எப்படி ஷூட்டிங் எடுக்கிறிங்க, எவ்ளோ செலவாகும், எந்த ரோட்டுல போகணும்?" உங்களுக்காகத்தான். நான் ஆறாம் வகுப்பு வரைக்கும் தோட்டத்துப் பள்ளியில் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை எழுத்தில் மட்டும் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு வருடமாக நாங்கள் 'கோழி கோவிந்தன்' என்று ஒரு சிரிப்புத் தொடர் எடுத்து நெட்டில் போட்டு வருகிறோம். கோவிந்தனாக நடிப்பவர் மணியம் அண்ணன், வயது ஐம்பத்தெட்டு, லாரி ஓட்டியவர். கழுத்தை நெரித்த கோழி மாதிரி ஒரு குரல் வைத்துப் பேசுவார். அந்தக் குரலுக்குத்தான் கூட்டம். படம் பிடிப்பதும் டைரக்ஷனும் குமார். அவனுக்குத் தொழில் ஏர்கோன் ரிப்பேர், ஆனால் அவன் காடியில் ஏர்கோன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது ஆள் நான், சரசு. குருணில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. தொடரில் மாமியாராக வருவேன், பக்கத்து வீட்டுக்காரியாக வருவேன், ஆள் இல்லாதபோது மீசை ஒட்டிக்கொண்டு போலீஸாகவும் வந்திருக்கிறேன். நடிக்காத நேரத்தில் சவுண்ட் என் பொறுப்பு.

சவுண்ட் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். எங்கள் கேமரா ஒரு கல்யாணப் படக்காரரிடம் பழையதாக வாங்கியது. படம் பளிச்சென்று எடுக்கும், சத்தம் மட்டும் பதியாது. அதனால் அதற்குச் செவிடி என்று பெயர். என் கைப்பேசியை நடிப்பவர் சட்டைப் பைக்குள் போட்டு அதில் பேச்சைப் பிடிப்போம். அதுவும் ஒரு அடையாளத்துக்குத்தான். படம் எடுத்து முடித்த பிறகு குமாரின் காடிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சுற்றித் துண்டு தொங்கவிட்டு, படத்தில் வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்து மறுபடி பேசுவோம். அதுதான் எங்கள் டப்பிங் தியேட்டர். நாய் குரைத்தாலும், மோட்டார் போனாலும், வசனம் மறந்தாலும் எங்களுக்கு ஒரே பதில்: "டப்பிங்ல பாத்துக்கலாம் லா." அதனால் என் கைப்பேசியில் பிடித்ததை அன்றன்றைக்கே அழித்துவிடுவேன். அதில் இடம் கொஞ்சம்தான். பாதி இடத்தைச் சாமி படங்களும் குட் மார்னிங் பூக்களும் பிடித்துக்கொண்டிருந்தன.

வியாழன் மாலை பாக்கார் ஆராங்கில் மணியம் அண்ணன் வீட்டுக்குச் சாமான்களை எடுக்கப் போயிருந்தேன். அவர் மனைவி லெட்சுமி அக்கா என்னை அடுப்பங்கரைக்குள் கூப்பிட்டார்.

"சரசு, கோழிக் குரல் எனக்கு வேணாம். அது நெட்டுல கொட்டிக் கெடக்கு. வீட்டுக்குள்ள நொழயும்போதே 'சோறு ஆயிடுச்சா'ன்னு கேப்பாரு பாரு, அந்தக் குரல் எனக்கு ஒண்ணு வேணும்."

"நீங்களே போனுல பிடிச்சு வச்சிருக்கலாம் இல்லக்கா?"

"போனத் தூக்குனாவே கோழியா ஆயிடுறாரு. வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாலும் கோழிதான். முப்பத்தொரு வருஷமா குடும்பம் நடத்துறேன், என் போனுல என் புருஷன் இல்ல, ஒரு கோழிதான் இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

அண்ணனுக்கும் அது தெரியும். அதனால்தான் கடைசி எபிசோட்டை அவரே யோசித்திருந்தார். கோவிந்தன் எப்போதோ இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறான். குருண் தோட்டத்தில் குடைக்காரர் இல்லை. பண்டார் பாருவுக்குப் போய்விட்டார் என்கிறார்கள். அங்கே போனால் அங்கேயும் இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்ற நினைப்பில், குடையோடு பேசுகிறான். கோழிக் குரலில் இல்லை, சொந்தக் குரலில். நாலு நிமிடம். எட்டு வருடத்தில் முதல் தடவை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், திங்கள் ஆபரேஷன். வெள்ளி குருண், சனி காலை பண்டார் பாரு, சனி மாலை காடிக்குள் டப்பிங். இதுதான் திட்டம். அதுவரைக்கும் சத்தமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் பாக்கார் ஆராங்கில் கிளம்பி, ஏழேகாலுக்குக் குருண் சேர்ந்தோம். இருபத்தைந்து கிலோமீட்டர்தான். வலது பக்கம் வானம் வெளுக்கும்போது இடது பக்கம் ஜெராய் மலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. மெயின் ரோட்டில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பசியாறினோம். மூன்று பேருக்கு ஐந்து ரொட்டி சானாய், மூன்று கப் தே, பதினாறு வெள்ளி. எங்களைக் கண்டதும் கல்லாவில் இருந்த பாய் எழுந்துவிட்டார்.

"அட, கோழி! என்னா இன்னைக்கு சத்தமே காணோம்? ஒரு தடவ கூவிட்டு உக்காருங்கண்ணே!"

"பாய், அவருக்குத் தொண்ட சரியில்ல," என்றேன்.

"ஒரே ஒரு தடவ லா. என் மருமகன் நேத்துதான் வந்தான், கெளந்தான்காரன். அவனுக்குக் காட்டணும்."

அண்ணன் கூவினார். கடை முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து இன்னொருவர் "ஒன்ஸ் மோர்" என்றார். அதற்கும் கூவினார். தே காசை பாய் வாங்கவில்லை. கூவலுக்கு ஆறு வெள்ளி என்று நான் கேலி செய்தேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். குருணைச் சுற்றி இருக்கும் தோட்டங்களில் பெர்மிட் இல்லாமல் எடுக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையைப் பிடியுங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஆபிஸில் ஆள் இருக்காது. கேட்டில் ஜாகா, அதாவது காவல்காரர், மட்டும் இருப்பார், அவரும் பன்னிரண்டரைக்குத் தொழுகைக்குப் போனால் இரண்டேகாலுக்குத்தான் வருவார். குமார் எப்போதும் மஞ்சள் வெஸ்ட், தலையில் ஹெல்மெட், கையில் அளவு டேப்போடுதான் இறங்குவான். மஞ்சள் வெஸ்ட் போட்டவனை இந்த நாட்டில் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை.

அன்றைக்கு ஒருவர் கேட்டார். ஜாகா ஒரு வயதான மலாய்க்காரர், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார்.

"இன்னைக்கு ஆபிஸ் துத்துப். மூடியாச்சு. நீங்க என்னா அளக்க வந்திங்க?"

குமார் டேப்பை நீட்டியபடி முழித்தான். அதற்குள் அவர் காடிக்குள் குனிந்து பார்த்துவிட்டார். "ஏய், கோழி! நான் பாத்திருக்கேன் லா! ஒரு தடவ பேசு, நான் வீடியோ எடுத்து என் பொண்டாட்டிக்கு அனுப்புறேன்."

அண்ணன் பேசினார். கேட் திறந்தது. அந்த நாளில் அவர் குரலைக் கொடுத்து வாங்கிய இரண்டாவது டிக்கெட் அது. "இந்த ஓட்டத்துக்கு இன்னும் எத்தன டோல் இருக்கோ," என்றார் உள்ளே போகும்போது. அவர் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது.

தோட்டத்துக்குள் பழைய லயத்து வீடுகளில் இப்போது வெளிநாட்டு ஆட்கள் இருக்கிறார்கள். கதவில் சேறு காய்ந்த பூட்ஸ் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காட்சி இதுதான்: செம்பனை வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு கோவிந்தன் "குடைக்காரரே! ஓய் குடைக்காரரே!" என்று கத்த வேண்டும். செவிடிக்கோ காது கேட்காது. டப்பிங்கில் பேசப் போகிறோம். வாயை மட்டும் அசைத்தால் போதும். அதை நான் சொல்லவும் செய்தேன்.

"அண்ணே, சத்தம் வேணாம், சும்மா வாயசைங்க போதும்."

"கத்தாம வாயசைச்சா கழுத்து நரம்பு தெரியாது சரசு. பாக்குறவனுக்குத் தெரிஞ்சிடும், இவன் பொய்யா கத்துறான்னு."

அவர் சொன்னதும் உண்மைதான். கத்தினார். முதல் தடவை நாய் குறுக்கே வந்தது. இரண்டாவது தடவை ஒரு தொழிலாளி சைக்கிளில் வந்து கேமராவைப் பார்த்துக் கையசைத்தார். மூன்றாவது தடவை குடை விரிந்து மேலே மடங்கிவிட்டது, நான் சிரித்துக் கெடுத்தேன். நாலாவதில் வெயில் மறைந்தது. குமார் ஒவ்வொரு தடவையும் "இன்னொண்ணு எடுப்போம்ணே" என்றான். அப்படியே பதினொரு தடவை. பதினொன்றாவதில் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. குமார் "சூப்பர்ணே!" என்று குதித்தான். நானும் கை தட்டினேன். இரண்டு மணிக்குக் கேட்டை விட்டு வெளியே வந்தபோது அண்ணன் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தார், ஒன்றும் பேசவில்லை. நடிப்புக் களைப்பு என்று நினைத்தோம்.

அன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் இருந்த குருண் சத்தம் முழுவதையும் அழித்தேன். அதில் வருத்தமில்லை, அது கோழிதான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூலிம் வழியாக, செர்டாங் தாண்டி, பண்டார் பாருவுக்கு. எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். கெடாவின் தெற்கு மூலை. கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேராக். ஊர் பெரிதாக ஒன்றுமில்லை. கடை வரிசை ஒன்று, நிழலில் தூங்கும் பூனைகள், ஆற்றங்கரையில் தூண்டில்காரர்கள். வழியில் தாப்பாவ் செய்து, அதாவது கட்டி வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றைக் காடியிலேயே சாப்பிட்டோம், பொட்டலம் மூன்று வெள்ளி. சும்மா சொல்லக் கூடாது, காலை எட்டு மணிக்கு அந்த ஆற்றங்கரை வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஒன்பதரைக்கு மேல் தண்ணீரில் வெயில் பட்டு முகம் கறுத்துவிடும். எடுப்பவர்கள் அதற்குள் முடித்துவிடுங்கள்.

என் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போடும்போது கேட்டேன், "என்னண்ணே, பயமா?"

"என் சொந்தக் குரல்ல பேசுனா யாருக்குச் சிரிப்பு வரும் சரசு?"

"உங்க சொந்த மூஞ்சிக்கே எட்டு வருஷமா சிரிக்கிறாங்க, குரலுக்குச் சிரிக்க மாட்டாங்களா?"

சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துப் பேச ஆரம்பித்தார். எழுதி வைத்த வசனம் இல்லை. அந்த நிமிடத்தில் வந்ததைப் பேசினார். தாழ்ந்த குரல். ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் குரல் கீழே இறங்கி உட்காரும், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி. "ஒன்ன நான் திருப்பிக் குடுக்காததால அந்த மனுஷன் இத்தன வருஷமா நனைஞ்சிட்டு இருந்திருப்பாரு, இல்ல?" என்று குடையிடம் கேட்டார். "நானும் ஒன்ன விரிச்சதே இல்ல. அடுத்தவன் குடைன்னு பத்திரமா வச்சிட்டு, நானும்தான் நனைஞ்சேன்." அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பற்றி ஏதோ, லாரியில் தனியாகப் போன இரவுகளைப் பற்றி ஏதோ, லெட்சுமி அக்காவைப் பெண் பார்க்கப் போன அன்று பெய்த மழையைப் பற்றி ஏதோ. ஏதோ, ஏதோ என்று எழுதுகிறேன், பாருங்கள். அதுதான் என்னிடம் மிச்சம்.

நாலு டேக். மூன்றாவது முடிந்ததும் குமார் "கட்" சொல்ல மறந்துவிட்டான். அண்ணன்தான் திரும்பிப் பார்த்து, "என்னா தம்பி, தூங்கிட்டியா?" என்றார். நாலாவதில் பாதிக்கு மேல் இருமல் வந்தது. போதும், மூன்றாவதே தங்கம் என்று குமார் சொன்னான். மணி ஒன்பது இருபது.

கடையில் பகல் சோறு, மூன்று பேருக்கு முப்பத்தாறு வெள்ளி. மீன் தலை வாங்கியது என் ஆசை. அண்ணன் குழம்பு ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். ஒன்றேகாலுக்கு ஆற்றுப் பக்கம் மறுபடி வந்தோம். தூரத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. அடுத்தவர் குடையோடு ஒரு மனிதன் உட்கார்ந்திருக்க, ரயில் போகும் சத்தம் பின்னால் வந்தால் நன்றாக இருக்கும் என்று குமாருக்குத் தோன்றிவிட்டது.

"க்கா, சீக்கிரம், டிரெயின் சத்தத்தப் பிடிங்க!"

அமுக்கினேன். இடமில்லை என்று கைப்பேசி சொன்னது.

"இடம் இல்ல தம்பி!"

"காலைல எடுத்தத அழிச்சிடுங்க லா. டப்பிங்ல பாத்துக்கலாம்."

அழித்தேன். அழித்தவை போய் ஒளிந்துகொள்ளும் குப்பைப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதையும் காலி செய்தேன். அதைக் காலி செய்தால்தான் இடம் வரும் என்று குமார்தான் ஒரு காலத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். எட்டு வருடப் பழக்கம். கை தானாகப் போனது, ஐந்து விநாடி வேலை. ரயில் சத்தம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, மிகச் சுத்தமாக வந்தது. குட் மார்னிங் பூக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு பூவை அழித்திருக்கலாம். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்குப் பண்டார் பாருவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் காடியை நிறுத்தினோம். டப்பிங்குக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நாலு பக்கமும் மட்டை, காற்றுகூட உள்ளே வராது. கண்ணாடியை ஏற்றினோம், துண்டுகளைத் தொங்கவிட்டோம், அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. குமார் மூன்றாவது டேக்கை மடியில் ஓடவிட்டான். அண்ணன் வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

மறுபடி திறந்தார். தேங்காயைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். சுடுதண்ணீர் கொடுத்தோம், தேன் நக்கச் சொன்னோம், அரை மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னோம். நாலு மணிக்கு மறுபடி. ஒன்றுமில்லை. "கோழியாவது வருதா பாருங்கண்ணே," என்று நான் சொன்னேன். சிரிக்க வைக்கலாம் என்றுதான் சொன்னேன். கோழியும் வரவில்லை.

குமார் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "நம்ம என்னாக்கா பயப்படுறோம்? காலைல சட்டப் பையில பிடிச்சோமே, அதையே போட்டுடலாம்! கொஞ்சம் காத்துச் சத்தம் இருக்கும், பரவால்ல."

நான் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

"க்கா?"

"அழிச்சிட்டேன் தம்பி. நீதான சொன்ன."

"நான்... ஆமா. நான்தான் சொன்னேன்."

காடிக்குள் யாரும் கண்ணாடியை இறக்கவில்லை. வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. மடியில் இருந்த படத்தில் அண்ணன் குடையைப் பார்த்து வாயசைத்துக்கொண்டே இருந்தார். மணியம் அண்ணன் கடைசியில் குடைக் கைப்பிடியால் என் தலையில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். திட்டுவதற்கும் அவரிடம் குரல் இல்லை. அவர் இரண்டு நாள் செலவு செய்த குரல் அத்தனையும் கேட்காத கேமராவுக்கு முன்னால் போயிருந்தது. கேட்ட ஒரே பொருள் என் கைப்பேசி. அதை நான் துடைத்துவிட்டேன்.

ஆறரைக்குப் பாக்கார் ஆராங் வந்தோம். லெட்சுமி அக்கா கேட்டைத் திறந்து எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தார். வாசலிலேயே நின்று நான் சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்பங்கரைக்குப் போனார். அங்கே நின்று, எப்போதும் கேட்பதைக் கேட்க முடியாமல், சோற்றுப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆயிடுச்சி, உக்காருங்க. நீங்க ரெண்டு பேரும் சாப்புட்டுப் போங்க," என்றார். சாப்பிட்டோம்.

ஞாயிறு காலை ஏழு பத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் காடியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, கடைசியாக ஒரு தடவை முயன்றோம். லெட்சுமி அக்காவும் பின் சீட்டில் இருந்தார். 'சோறு' என்று வாயசைத்தார் அண்ணன். மூச்சு மட்டும் வந்தது. எட்டு மணிக்கு உள்ளே போய்விட்டார். கைப்பேசிக் கடைகளில் அழித்ததை மீட்டுத் தருகிறோம் என்று போர்டு போட்டிருப்பார்கள் அல்லவா, சுங்கைப் பட்டாணியில் மூன்று கடை ஏறி இறங்கினோம். இரண்டு பேர் கையை விரித்தார்கள். மூன்றாமவர் நாற்பது வெள்ளி வாங்கிக்கொண்டு நான் எப்போதோ அழித்த முருகன் படங்களை மீட்டுக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வீட்டில் அந்த நாலு நிமிடத்தைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தோம். அண்ணன் கழுத்தில் துளை, அதன் மேல் வெள்ளைத் துணி, கையில் எழுதி அழிக்கும் சின்னப் பலகை. அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் அவர் வாயையே பார்த்தார்.

"இங்க என்னா சொல்றாரு சரசு?"

"ஒங்களப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பெஞ்ச மழையப் பத்திக்கா." எனக்கு நினைவிருந்த வரைக்கும் சொல்லத் தொடங்கினேன்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "வார்த்த வேணாம்மா. அந்த மழை எனக்கே தெரியும்."

அண்ணன் பலகையில் ஏதோ எழுதி எங்கள் பக்கம் திருப்பினார். 'டப்பிங்ல பாத்துக்கலாம்' என்று இருந்தது. எழுதிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை. நாங்கள் யாரும் கூடச் சிரிக்கவில்லை. எட்டு வருடத்தில் அவருடைய ஜோக்குக்கு முதல் தடவையாக ஆள் இல்லாமல் போனது.

வேறு ஆளை வைத்துப் பேசவிட்டு எபிசோட்டைப் போடலாமே என்று கேட்பீர்கள். கோழிக் குரலைப் பேச கெடாவில் பத்துப் பேர் இருக்கிறார்கள், கேளுங்கள், மாமாக் கடைப் பையன்கூடப் பேசுவான். அந்தத் தாழ்ந்த குரலுக்கு ஆள் இல்லை. போட மாட்டோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பழைய சாலையிலேயே போங்கள், தோட்டத்து வாசல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை குருண் நல்லது, காலை எட்டு மணிக்குப் பண்டார் பாரு ஆற்றங்கரை நல்லது. குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு மூன்று பாட்டில். மஞ்சள் வெஸ்ட் பன்னிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும். உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிப்போனால் வழியில் யார் கேட்டாலும் கூவ விடாதீர்கள், கெட்ட பெயர் வந்தாலும் பரவாயில்லை. மிக முக்கியமான காட்சியை முதல் நாளே எடுத்து, அன்றைக்கே பேச வைத்துவிடுங்கள். பின்னால் செய்யலாம் என்பதை எதற்கும் சொல்லாதீர்கள். மெமரி கார்டு ஒன்று முப்பத்திரண்டு வெள்ளி, நாங்கள் தின்ற மீன் தலைச் சோற்றைவிடக் குறைவு.

ரயில் சத்தம் மட்டும் என் கைப்பேசியில் இருக்கிறது. போன வாரம் அழிப்பதற்காகத்தான் எடுத்தேன், எதற்கோ ஒரு தடவை முழுதாகக் கேட்டேன். இரண்டாவது நிமிடம் முப்பத்தொன்றாவது விநாடியில், ரயில் போய்க்கொண்டிருக்கும்போதே, என் பின்னால் நின்ற மணியம் அண்ணன் இருமுகிறார். இருமிவிட்டு "ம்ம்" என்கிறார். கோழி இல்லை. அவருடையது. ஓடிப்போய் லெட்சுமி அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். காதில் வைத்து ஆறு தடவை கேட்டார். பிறகு கேட்டார், "சரசு, இந்த ரயில மட்டும் எடுத்துட முடியுமா?"

குமார் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தான். ரயிலைக் குறைத்தால் அண்ணனும் சேர்ந்து குறைகிறார். ரயில் முழுதாகப் போனால் அவரும் போய்விடுகிறார். அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.